அரேயில் எண்ணுவதும் ஒப்பிடுவதும்: புதிதாக நிரல் எழுதுபவருக்கு

4, 7, -3, 7, 0, 9, -3, 7.

இதில் எத்தனை 7 இருக்கிறது? பார்த்த மாத்திரத்தில் மூன்று என்று சொல்லிவிடுவீர்கள். எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால்தான் கொஞ்சம் திணறுவீர்கள். கண் எங்கே தொடங்கியது, எதைத் தாண்டிப் போனது, எப்போது "போதும், முடிந்தது" என்று நின்றது என்பதெல்லாம் நமக்கே தெரியாமல் நடந்த வேலை. நிரலில் அந்த மூன்றையும் நாமே எழுத வேண்டும். முழு எண் அரேக்களோடு, அதாவது இப்படி வரிசையாக அடுக்கிய முழு எண்களோடு, முதன்முதலாக மல்லுக்கட்டுபவர்களின் நிரல்களில் நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். மீதிப் பாதி, கேள்வியையே சரியாகக் கேட்டுக்கொள்ளாததால் வருவது.

மேலே உள்ள எட்டு எண்களைக் கடைசி வரை கூடவே வைத்துக்கொள்வோம். ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் கீழேயும் 0 முதல் 7 வரை இன்டெக்ஸை (இட எண்ணை) குறித்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத் தமிழில் அரேயை அணி என்பார்கள்; பேச்சில் எல்லோரும் அரே என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். நிரல் துண்டுகளை எந்த மொழியிலும் எழுதாமல் தமிழிலேயே தருகிறேன். உங்கள் மொழிக்கு மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அப்படி மாற்றும்போது எந்த மொழி எங்கே காலை வாரும் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் எண்ணிக்கை

எண்ணிக்கை = 0
ஐ = 0 முதல் நீளம் - 1 வரை:
    அரே[ஐ] == 7 என்றால்:
        எண்ணிக்கை = எண்ணிக்கை + 1
எண்ணிக்கையைக் காட்டு

இவ்வளவுதான். (== என்றால் "சமமா?" என்று கேட்பது; ஒற்றை = என்றால் மதிப்பை வைப்பது; அரே[ஐ] என்றால் ஐ என்ற இன்டெக்ஸில் உள்ள எண்.) ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு முடிவு. முதல் வரி, எதிலிருந்து தொடங்குகிறோம் என்பது. இதை மறந்தால் பைத்தானும் ஜாவாவும் உடனே கத்திவிடும். சி மொழியோ செயற்கூறுக்குள் (ஃபங்ஷனுக்குள்) இருக்கும் மாறிக்குத் தானாக 0 வைக்காது; அந்த நினைவக இடத்தில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஒரு குப்பையிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். சில நாள் அந்தக் குப்பையே 0 ஆக இருந்து விடை சரியாக வரும். அதுதான் இன்னும் மோசம்.

முதல் வரியை லூப்புக்குள் (திரும்பத் திரும்ப நடக்கும் பகுதிக்குள்) வைத்துவிடுவது இன்னொரு பழக்கமான தவறு. அப்போது ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை 0 ஆகிவிடும். கடைசி எண்ணுக்கு மட்டும்தான் விடை மிஞ்சும். நம் அரேயில் கடைசி எண் 7 என்பதால் விடை 1 என்று வரும். விடை எப்போதும் 0 அல்லது 1 ஆகவே வருகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

எழுதி முடித்ததும் ஓட்டிப் பார்க்காதீர்கள். பென்சிலை எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஐ எவ்வளவு, அரே[ஐ] எவ்வளவு, எண்ணிக்கை எவ்வளவு என்று மூன்று பத்திகளாக எழுதுங்கள். எட்டு வரிதான் வரும். எண்ணிக்கை 0, 1, 1, 2, 2, 2, 2, 3 என்று நகர வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் முதல் ஒரு மாதம் இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

எங்கே நிறுத்துவது

எட்டு எண்கள், கடைசி இன்டெக்ஸ் 7. இந்த ஒன்று குறைவதுதான் புதியவர்களை ஓயாமல் படுத்துகிறது. "நீளத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை" என்று எழுத வேண்டிய இடத்தில் "நீளத்துக்குச் சமமாகவோ சிறியதாகவோ" என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஜாவா இன்டெக்ஸ் எல்லை தாண்டியது என்று பிழை எறிந்து நின்றுவிடும். சி நிற்காது, அரேக்கு அடுத்திருக்கும் நினைவகத்தைப் படித்துவிட்டு எதுவும் நடக்காததுபோல் போகும். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத இடத்துக்கு "வரையறுக்கப்படாதது" என்ற மதிப்பைக் கொடுக்கும். இதில் ஒரு வேடிக்கை: 7 எத்தனை என்று எண்ணினால் அந்த ஒன்பதாவது போலி இடம் 7க்குச் சமமில்லை, எனவே விடை சரியாக 3 என்றே வரும். அதே நிரலை "7 அல்லாதவை எத்தனை" என்று மாற்றுங்கள். 5 வர வேண்டிய இடத்தில் 6 வரும். தவறு முதலிலிருந்தே இருந்தது. கேள்வி மாறியதும்தான் வெளியே வந்தது.

ஏன் 0இலிருந்து எண்ண வேண்டும் என்று எரிச்சல்படுபவர்களுக்கு ஒரு தகவல். கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் இதற்கென்றே ஒரு சிறு குறிப்பு எழுதினார். தொடக்கத்தைச் சேர்த்து, முடிவைச் சேர்க்காமல் விட்டால், முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தாலே எத்தனை உறுப்புகள் என்று வந்துவிடும்; 0 முதல் 8க்கு முன்வரை என்றால் 8 - 0 = 8. ஃபோர்ட்ரான், மேட்லேப், லுவா, ஜூலியா ஆகியவை வழக்கமாக 1இலிருந்துதான் எண்ணும். எது சரி என்ற சண்டைக்குப் போகாமல், உங்கள் மொழி எதுவோ அதற்குக் கையைப் பழக்குங்கள்.

இன்டெக்ஸே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது. சி தவிர இப்போதைய மொழிகள் பெரும்பாலானவற்றில் "ஒவ்வொரு எண்ணாக எடு" என்று ஒரு லூப் உண்டு. வெறும் எண்ணிக்கைக்கு அதுவே போதும். எல்லைத் தவறு செய்ய வாய்ப்பே இல்லை. எந்த இடத்தில் இருந்தது என்பதும் தேவைப்படும்போது மட்டும் இன்டெக்ஸுக்கு வாருங்கள்.

சி எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அரேயைச் செயற்கூறுக்கு அனுப்பினால் உள்ளே போவது அரே அல்ல, அதன் முகவரி. அங்கே போய் சைஸ்ஆஃப் (எத்தனை பைட் என்று சொல்லும் குறி) போட்டு நீளம் கண்டுபிடிக்க முயன்றால் முகவரியின் அளவுதான் கிடைக்கும். 64 பிட் கணினியில் அது வழக்கமாக 8 பைட். ஒரு முழு எண் 4 பைட். 8ஐ 4ஆல் வகுத்தால் 2. உங்கள் லூப் முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டு "ஒரே ஒரு 7" என்று சொல்லும். நீளத்தைத் தனியாக அனுப்புங்கள்.

கேள்வியைச் சரியாகக் கேட்பது

== 7 என்ற இடத்தில் வேறு நிபந்தனையை வைத்தால் வேறு எண்ணிக்கை. 5ஐவிடப் பெரியவை? நான்கு. மிகை எண்கள் எத்தனை, குறை எண்கள் எத்தனை? இங்கேதான் 0 வந்து நடுவில் உட்காரும். 0 மிகையும் அல்ல, குறையும் அல்ல. "0ஐவிடப் பெரியது என்றால் மிகை, இல்லையென்றால் குறை" என்று இரண்டு கிளையோடு எழுதினால் 0 குறைக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். மூன்று கிளை வேண்டும்: மிகை 5, குறை 2, பூஜ்யம் 1. மூன்றையும் கூட்டினால் 8 வருகிறதா என்று பாருங்கள். இப்படி மொத்தத்தைக் கூட்டிச் சரிபார்ப்பது செலவில்லாத சோதனை. வகை பிரித்து எண்ணும்போதெல்லாம் செய்யலாம்.

ஒற்றைப்படை எண்கள் எத்தனை? 7, -3, 7, 9, -3, 7 என்று ஆறு. பெரும்பாலானவர்கள் எழுதும் நிபந்தனை: 2ஆல் வகுத்தால் மீதி 1. பைத்தானில் இது ஆறு என்று சொல்லும். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் நான்கு என்று சொல்லும். காரணம், அந்த மொழிகளில் -3ஐ 2ஆல் வகுத்தால் மீதி -1. மிகை எண்களை மட்டுமே வைத்துச் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. "மீதி 0 இல்லை" என்று எழுதிவிட்டால் எங்கும் வேலை செய்யும்.

0க்கும் 5க்கும் இடையில் இருப்பவை? கணிதத்தில் 0 < எண் < 5 என்று எழுதுவோம். பைத்தான் அதை அப்படியே புரிந்துகொண்டு 1 என்று சரியான விடை தரும் (4 மட்டும்தான்). சி அப்படிச் செய்யாது. முதலில் 0 < எண் என்பதைப் பார்த்து 0 அல்லது 1 என்று ஒரு விடை எடுக்கும். பிறகு அந்த விடை 5ஐவிடச் சிறியதா என்று பார்க்கும். 0ஆனாலும் 1ஆனாலும் 5ஐவிடச் சிறியதுதானே? எட்டும் தேறிவிடும். இரண்டு ஒப்பீடுகளாகப் பிரித்து, நடுவில் "மற்றும்" போட்டு எழுதுங்கள். "இடையில்" என்றால் 0ம் 5ம் சேர்த்தியா இல்லையா என்பதையும் எழுதும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சராசரியைவிடப் பெரியவை எத்தனை என்ற கேள்வி வேறு மாதிரி. சராசரி தெரியாமல் ஒப்பிட முடியாது. எல்லா எண்களையும் பார்க்காமல் சராசரி தெரியாது. ஆகவே இரண்டு முறை நடக்கத்தான் வேண்டும். ஒரே லூப்பில் முடிக்கப் பார்த்துச் சிக்கிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு லூப் எழுதுவது அவமானம் இல்லை. கூட்டுத்தொகை 28, எட்டால் வகுத்தால் 3.5, அதைவிடப் பெரியவை ஐந்து. ஜாவாவிலும் சியிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் 3 என்றுதான் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

பெரியது, சிறியது, இரண்டாவது பெரியது

மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிப்பதை மேடையில் நிற்பவரோடு ஒப்பிடலாம். இதுவரை பார்த்ததில் பெரியவர் மேடையில். அடுத்து வருபவர் அவரைவிடப் பெரியவர் என்றால் மேடை கைமாறும்.

பெரியது = அரே[0]
ஐ = 1 முதல் நீளம் - 1 வரை:
    அரே[ஐ] > பெரியது என்றால்:
        பெரியது = அரே[ஐ]

முதல் வரியில் அரே[0] என்பதற்குப் பதில் 0 என்று போடுவது நான் ஆரம்பத்தில் செய்துகொண்டிருந்த தவறு. எல்லாச் சோதனையிலும் தேறியது. ஒருநாள் எல்லாமே குறை எண்களாக இருந்த ஒரு பட்டியல் வந்தது. பட்டியலிலேயே இல்லாத 0தான் மிகப் பெரியது என்று என் நிரல் சாதித்தது. மேடையில் முதலில் நிற்பவர் வரிசையிலிருந்தே வர வேண்டும். வெளியாளை நிறுத்தக் கூடாது.

வரிசையே காலியாக இருந்தால்? அரே[0] என்பதே இல்லை. பைத்தானின் மேக்ஸ் இதற்குப் பிழை எறியும். ஜாவாஸ்கிரிப்டில் எதுவுமே தராமல் மேத்.மேக்ஸை அழைத்தால் எதிர்மறை முடிவிலி வரும். உங்கள் நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்யாமல் விடுவதும் ஒரு முடிவுதான், ஆனால் அதை எடுத்தது நீங்கள் இல்லை.

> என்பதா >= என்பதா? மதிப்பு மட்டும் வேண்டுமானால் எதுவானாலும் சரி. எந்த இடம் என்றும் வேண்டுமானால், > முதலில் வந்த இடத்தைத் தரும், >= கடைசியாக வந்த இடத்தைத் தரும்.

இரண்டாவது பெரியதுக்கு வருவோம். முதலில் கேள்வி: 9, 9, 4 என்ற அரேயில் இரண்டாவது பெரியது 9ஆ, 4ஆ? இரண்டுமே நியாயமான விடைகள். கேட்டவரிடம் திரும்பிப் போய்க் கேளுங்கள். இங்கே வேறுபட்ட மதிப்புகளில் இரண்டாவது, அதாவது 4, என்று வைத்துக்கொள்கிறேன்.

பெரியது = அரே[0]
இரண்டாவது = இல்லை
ஐ = 1 முதல் நீளம் - 1 வரை:
    அரே[ஐ] > பெரியது என்றால்:
        இரண்டாவது = பெரியது
        பெரியது = அரே[ஐ]
    அரே[ஐ] < பெரியது என்றால்:
        இரண்டாவது இல்லை, அல்லது அரே[ஐ] > இரண்டாவது என்றால்:
            இரண்டாவது = அரே[ஐ]

(இரண்டு நிபந்தனைகளில் ஒன்றுதான் ஒரு சுற்றில் நடக்க வேண்டும், முதலாவது நடந்தால் இரண்டாவதைத் தொடாதீர்கள்.)

கூர்ந்து பார்க்க வேண்டியது "இரண்டாவது = பெரியது" என்ற வரி. மேடையிலிருந்து இறங்குபவர் வீட்டுக்குப் போவதில்லை, இரண்டாம் இடத்துக்குப் போகிறார். இந்த வரியை விட்டுவிட்டு நம் எட்டு எண்களில் ஓட்டிப் பாருங்கள். 9 வந்ததும் பழைய 7 காணாமல் போகும். ஆனால் கடைசியில் இன்னொரு 7 வந்து இரண்டாம் இடத்தில் உட்கார்ந்துவிடும்! விடை சரி, நிரல் தவறு. கடைசி 7ஐ நீக்கிவிட்டு ஏழு எண்களோடு ஓட்டினால் இரண்டாவது 0 என்று சொல்லும். அந்த இரண்டு வரிகளை முன்பின் மாற்றி எழுதினாலும் கோளாறுதான். இரண்டிலும் ஒரே எண் போய் உட்காரும்.

பக்கத்து எண்ணோடு ஒப்பிடுவது

ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தையதோடு ஒப்பிட்டு, எத்தனை முறை ஏறுகிறது, எத்தனை முறை இறங்குகிறது என்று பார்க்கலாம். எட்டு எண்களுக்கு நடுவே ஏழு இடைவெளிகள். நம் அரே நான்கு முறை ஏறி மூன்று முறை இறங்குகிறது. லூப் 1இலிருந்து தொடங்க வேண்டும், 0இலிருந்து அல்ல; 0க்கு முந்தையது என்று எதுவும் இல்லை.

பைத்தானில் இது கண்ணுக்குத் தெரியாத குழி. அங்கே இன்டெக்ஸ் -1 என்றால் பிழை இல்லை, கடைசி உறுப்பு என்று பொருள். 0இலிருந்து தொடங்கினால் முதல் எண் 4, கடைசி எண் 7உடன் ஒப்பிடப்பட்டு, நடக்காத ஒரு இறக்கம் கணக்கில் சேரும். ஏறுவது 4, இறங்குவது 4 என்று அழகாகச் சமமாக வரும் விடையைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? ஏழு இடைவெளிக்கு எட்டு விடை எப்படி வரும் என்று கேட்பவருக்கு மட்டும் வரும்.

அரே ஏறுவரிசையில் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே லூப்தான். ஒரு இறக்கம் கண்டதும் "இல்லை" என்று சொல்லி வெளியே வந்துவிடலாம். "ஆம்" என்பதை மட்டும் லூப் முழுக்க முடிந்த பிறகே சொல்ல முடியும். முதல் இரண்டு எண்கள் சரியாக இருந்ததுமே "ஆம்" என்று திருப்பி அனுப்பிவிடும் நிரல்கள் உலகில் ஏராளம்.

ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை?

இதுவரை தேட வேண்டிய எண் கையில் இருந்தது. இப்போது எந்த எண்கள் இருக்கின்றன என்பதே தெரியாது. ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று வேண்டும்.

முதலில் தோன்றுவது லூப்புக்குள் லூப். ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடு. எட்டு எண்களில் ஜோடிகள் 8 × 7 ÷ 2 = 28. பரவாயில்லை. 1,000 எண்களில் 4,99,500 ஜோடிகள். கணினிக்கு அதுவும் தூசு. 1 லட்சம் எண்களில் 499 கோடியே 99 லட்சத்து 50 ஆயிரம். இப்போது நீங்கள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். எண்கள் பத்து மடங்கானால் வேலை நூறு மடங்காகிறது என்பதுதான் இதன் சிக்கல். போதாததற்கு, அந்த ஜோடி எண்ணிக்கையே 32 பிட் முழு எண்ணில் அடங்காது. அதன் உச்சம் 2147483647, அதாவது சுமார் 214 கோடி. எண்ணும் மாறியே நிரம்பி வழியும்.

இதைவிட நல்ல வழிகள் மூன்று உண்டு.

எண்கள் ஒரு சிறிய எல்லைக்குள் அடங்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், எண்ணிக்கைப் பெட்டிகள். 0 முதல் 100 வரையான மதிப்பெண்கள் என்று வையுங்கள். 101 இடங்கள் கொண்ட இன்னொரு அரே எடுத்து எல்லாவற்றிலும் 0 போடுங்கள் (100 அல்ல, 101, 0க்கும் ஒரு பெட்டி வேண்டும்). 73 வந்தால் 73ஆம் இன்டெக்ஸில் ஒன்று கூட்டுங்கள். ஒப்பீடே இல்லை! மதிப்பே முகவரியாகிவிட்டது. நம் அரேயில் -3 இருப்பதால் நேராகச் செய்ய முடியாது. -3 முதல் 9 வரை 13 பெட்டிகள் எடுத்து, ஒவ்வொரு எண்ணோடும் 3ஐக் கூட்டி இன்டெக்ஸாக்கலாம். -3 போய் 0ஆம் பெட்டியில் விழும், 9 போய் 12ஆம் பெட்டியில் விழும். இதே யோசனையில் வரிசைப்படுத்தவும் முடியும். எண்ணி வரிசைப்படுத்தும் அந்த முறையை ஹெரால்டு சீவர்ட் 1954இல் முன்வைத்தார். ஆனால் 5, 200 கோடி என்று இரண்டே எண்கள் இருக்கும் அரேக்கு இதைப் பயன்படுத்தினால், இரண்டு எண்களுக்காக 200 கோடிப் பெட்டிகள் செய்தவராவீர்கள்.

எல்லை தெரியாதென்றால் அகராதி: ஒவ்வொரு மதிப்புக்கும் எதிரே அதன் எண்ணிக்கையைக் குறித்துவைக்கும் அமைப்பு. பைத்தானில் டிக்‌ஷனரி, ஜாவாவில் ஹேஷ்மேப், ஜாவாஸ்கிரிப்டில் மேப்.

ஒவ்வொரு எண்ணாக எடு:
    எண் அகராதியில் இருந்தால்:
        அகராதி[எண்] = அகராதி[எண்] + 1
    இல்லையென்றால்:
        அகராதி[எண்] = 1

ஒரே நடையில் முடிந்தது. 4 → 1, 7 → 3, -3 → 2, 0 → 1, 9 → 1. எத்தனை வெவ்வேறு மதிப்புகள் என்று கேட்டால் அகராதியின் அளவு, 5. எத்தனை சம ஜோடிகள் என்று கேட்டால், ஒரு மதிப்பு க முறை வந்திருந்தால் அதிலிருந்து க × (க - 1) ÷ 2 ஜோடிகள்: 7இலிருந்து 3, -3இலிருந்து 1, மொத்தம் 4. 28 ஒப்பீடு செய்து கண்டுபிடிக்க வேண்டியதை ஐந்து பெருக்கலில் முடித்தாகிவிட்டது. வேலையில் பெரும்பாலும் நான் நாடுவது இந்த வழியைத்தான். பைத்தானில் இதற்கென்றே கவுண்டர் என்று தயாராக ஒன்று இருக்கிறது. ஆனால் ஒரு தடவையாவது கையால் எழுதிவிட்டு அதற்குப் போங்கள்.

மூன்றாவது வழி, வரிசைப்படுத்திவிட்டு எண்ணுவது. வரிசைப்படுத்தினால் -3, -3, 0, 4, 7, 7, 7, 9. ஒரே மதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிடும். பிறகு பக்கத்து எண்ணோடு ஒப்பிடும் லூப்தான்.

ஓட்டம் = 1
ஐ = 1 முதல் நீளம் - 1 வரை:
    அரே[ஐ] == அரே[ஐ - 1] என்றால்:
        ஓட்டம் = ஓட்டம் + 1
    இல்லையென்றால்:
        அரே[ஐ - 1], ஓட்டம் இரண்டையும் காட்டு
        ஓட்டம் = 1
கடைசி எண், ஓட்டம் இரண்டையும் காட்டு

அந்தக் கடைசி வரிதான் எல்லோரும் மறப்பது. மதிப்பு மாறும்போதுதான் பழையதைக் காட்டுகிறோம். கடைசி மதிப்புக்குப் பிறகு மாற்றமே இல்லை. வரியை விட்டால் 9 அறிக்கையில் வராது. எண்ணிக்கைகளைக் கூட்டிப் பாருங்கள், 8க்குப் பதில் 7 வரும். இன்னொன்று: ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் வழக்கமான வரிசைப்படுத்தும் கட்டளை மூல அரேயையே கலைத்து அடுக்கிவிடும். எந்த எண் எந்த இடத்தில் இருந்தது என்பது பிறகு தேவைப்படும் என்றால் முன்பே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

பாதிக்கு மேல் வந்த எண்

இது கொஞ்சம் விளையாட்டு, தவிர்க்க மனமில்லை. ஒரே எண் அரேயில் பாதிக்கு மேல் இருக்கிறது என்றால், அகராதியும் இல்லாமல், வரிசைப்படுத்தாமலும், இரண்டே மாறிகளில் அதைக் கண்டுபிடிக்கலாம். ராபர்ட் பாயரும் ஜே ஸ்ட்ரோதர் மூரும் 1981இல் வெளியிட்ட முறை. ஒரு வேட்பாளர், ஒரு எண்ணிக்கை. எண்ணிக்கை 0 என்றால் வருபவரே வேட்பாளர், எண்ணிக்கை 1. வருபவர் வேட்பாளருக்குச் சமம் என்றால் ஒன்று கூட்டு, வேறு என்றால் ஒன்று கழி. வெவ்வேறு இரண்டு எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெளியேறுகின்றன; பாதிக்கு மேல் இருப்பவனை மற்ற எல்லோரும் சேர்ந்தாலும் தீர்க்க முடியாது.

நம் அரேயில் ஓட்டினால் கடைசியில் வேட்பாளராக நிற்பது -3. அது இரண்டே முறை வந்தது! தவறு முறையில் இல்லை. நம் அரேயில் பாதிக்கு மேல் வந்த எண் எதுவுமே கிடையாது; 7கூட எட்டில் மூன்றுதான். "அப்படி ஒன்று இருந்தால் அது இதுதான்" என்று மட்டுமே இந்த முறை உறுதி தரும். ஆகவே இரண்டாவது நடையில் வேட்பாளரை முதல் பகுதியின் லூப்பால் எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டு அரேக்களை ஒப்பிடுவது

"இரண்டும் ஒன்றா?" என்பதற்கு மூன்று பொருள் இருக்கலாம். நினைவகத்தில் ஒரே அரேயா? ஒவ்வொரு இடத்திலும் ஒரே மதிப்பா? வரிசை மாறியிருந்தாலும் அதே மதிப்புகள், அதே எண்ணிக்கையில் உள்ளனவா?

ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இரண்டு அரேக்களுக்கு நடுவே == போட்டால் முதல் கேள்விக்குத்தான் விடை கிடைக்கும். உள்ளடக்கம் அச்சாக ஒன்றாக இருந்தாலும் தனித்தனியாகச் செய்தவை என்றால் "இல்லை" என்று சொல்லிவிடும். சியிலும் ஒப்பிடப்படுவது முகவரிதான். பைத்தான் பட்டியல்களுக்கு == இரண்டாவது கேள்விக்கு விடை தரும். ஜாவாவில் அதற்கு அரேஸ்.ஈக்குவல்ஸ் இருக்கிறது. கையால் எழுதினால் முதலில் நீளங்களை ஒப்பிடுங்கள். வேறென்றால் அங்கேயே முடிந்தது. பிறகு இடம் இடமாகப் பாருங்கள்.

மூன்றாவது கேள்விதான் ஆட்களைச் சறுக்கவைக்கும். 1, 2, 2 என்று ஒரு அரே. 1, 1, 2 என்று இன்னொன்று. முதலாவதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் இரண்டாவதில் இருக்கிறதா? இருக்கிறது. இரண்டாவதில் உள்ளவை முதலாவதில்? அவையும் இருக்கின்றன. நீளமும் சமம். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. "இருக்கிறதா" என்று கேட்டால் போதாது, "எத்தனை இருக்கிறது" என்று கேட்க வேண்டும். கூட்டுத்தொகையை ஒப்பிடுவதும் உதவாது. 1, 5 என்பதும் 2, 4 என்பதும் 6தான். ஒரு அகராதியில் முதல் அரேக்குக் கூட்டிக்கொண்டே போங்கள், இரண்டாவது அரேக்குக் கழித்துக்கொண்டே வாருங்கள். முடிவில் எல்லாம் 0 என்றால் ஒன்று. இரண்டையும் வரிசைப்படுத்தி இடம் இடமாக ஒப்பிட்டாலும் அதே விடை.

ஒப்பீட்டுக் குறிகளே செய்யும் சேட்டைகள்

சியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் == என்பதற்குப் பதில் ஒற்றை = போட்டுவிட்டால், ஒப்பிடாமல் ஒவ்வொரு இடத்திலும் 7ஐ எழுதிவிடும்; எழுதிய 7 "உண்மை" என்று கொள்ளப்படும். எண்ணிக்கை 8, அரே முழுக்க 7. எண்ணப் போய்ப் பட்டியலையே அழித்த கதை.

ஜாவாவில் சாதாரண முழு எண்களுக்கு == சரி. பட்டியலிலோ ஹேஷ்மேப்பிலோ போட்டால் அவை இன்டீஜர் பொருள்களாகிவிடும்; அங்கே == பொருள்களைத்தான் ஒப்பிடும். -128 முதல் 127 வரையான எண்களுக்கு ஜாவா ஏற்கெனவே செய்துவைத்த பொருள்களையே திரும்பத் தருவதால் == வேலை செய்வதுபோல் தெரியும். 128இல் கவிழ்ந்துவிடும். ஈக்குவல்ஸ் பயன்படுத்துங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் சார்ட் என்று மட்டும் சொன்னால் எண்களை எழுத்துகளாக எண்ணி அடுக்கும். 4, 10, 7 என்பது 10, 4, 7 ஆகும். நம் எட்டு எண்களில் எல்லாமே ஓரிலக்கம் என்பதால் இந்தக் கோளாறு தலைகாட்டாது. இரண்டு இலக்க எண் ஒன்று உள்ளே வந்த அன்றைக்குத்தான் தெரியும். எப்படி ஒப்பிட வேண்டும் என்று ஒரு ஒப்பீட்டுச் செயற்கூறையும் சேர்த்துக் கொடுங்கள்.

அந்த ஒப்பீட்டுச் செயற்கூறில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து அனுப்புவது பரவலான குறுக்குவழி. ஜாவாஸ்கிரிப்டில் சரி. ஜாவாவில் 200 கோடியிலிருந்து -200 கோடியைக் கழித்தால் 400 கோடி வர வேண்டும்; 32 பிட்டில் அடங்காமல் சுற்றிக்கொண்டு -294967296 ஆகும். பெரியது சிறியதாகிவிட்டது. இன்டீஜர்.கம்பேர் என்று தயாராக இருப்பதைப் பயன்படுத்துங்கள்.

எழுதியதைச் சோதிக்க

ஒரே ஒரு அரேயை வைத்துச் சோதித்தால் என்ன ஆகும் என்று மேலேயே பார்த்தோம். நம் எட்டு எண்களே மூன்று தவறுகளை மூடி மறைத்தன. ஆகவே எதை எழுதினாலும் இவற்றையும் கொடுத்துப் பாருங்கள்: காலி அரே, ஒரே எண் கொண்ட அரே, எல்லாம் ஒரே மதிப்பு, எல்லாம் குறை எண்கள், தேடும் எண் முதல் இடத்தில் மட்டும், கடைசி இடத்தில் மட்டும், எங்குமே இல்லாதது, ஓரிலக்கமும் ஈரிலக்கமும் கலந்தது, 2147483647ம் -2147483648ம் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் விடை என்ன வர வேண்டும் என்பதை ஓட்டும் முன்பே தாளில் எழுதிவிடுங்கள். ஓட்டிய பிறகு எழுதினால் திரையில் வந்ததையே விடை என்று நம்பத் தோன்றும்.

பயிற்சிக்கு ஒன்று: வரிசைப்படுத்தாமல், அரேயில் அடுத்தடுத்து ஒரே மதிப்பாக வரும் மிக நீளமான தொடரின் நீளத்தைக் கண்டுபிடியுங்கள். 2, 2, 5, 5, 5, 1 என்பதற்கு 3. நம் எட்டு எண்களுக்கு 1. அப்புறம் 1, 5, 5, 5 என்பதைக் கொடுத்துப் பாருங்கள். 1 என்று வந்தால் எந்த வரியை மறந்தீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.